ஒரே தட்டு இரண்டு முறை

ஸ்பெயினின் கிரனாடா நகர மதுக்கடைகளில் ஒரு கிளாஸ் பியருக்கு ஒரு சிறு தட்டுத் தீனி தானாக வந்துவிடும். அடுத்த கிளாஸுக்கு வேறு தட்டு. முதல் தட்டையே திரும்ப வைத்தால் வந்தவரை மதிக்கவில்லை என்று அர்த்தம். இருபத்தாறு வருஷமாகக் காஸில்டா கவுண்டருக்குப் பின்னால் நின்று, நாற்பது பேரின் சுற்றுகளை மனசிலேயே வைத்திருந்தாள். சீட்டில் குறித்ததில்லை; யாரையும் கேட்டதுமில்லை.

போன வெள்ளிக்கிழமை தையற்காரர் லெயாந்த்ரோவுக்கு, பாகு ஊற்றிய கத்தரிக்காய் வறுவலை இரண்டாம் முறையும் வைத்துவிட்டாள். காலித் தட்டை எடுக்கும்போதுதான் உறைத்தது. வறுவல் கொஞ்சம் நமுத்திருந்தாலே ஊரைக் கூட்டுகிற மனுஷர், ஒரு குறையும் சொல்லாமல் தின்று முடித்திருந்தார். திட்டியிருந்தால் தேவலை.

அன்றிலிருந்து அவளுக்குத் தூக்கமில்லை. வேலைக்கு வரும் வழியில் தெருப் பெயர்களைத் தனக்குள் ஒப்பித்துக்கொண்டே நடந்தாள். அம்மாவுக்கும் மறதி இப்படித்தான் தொடங்கியது. முதலில் அடுப்பு, பிறகு சாவி, கடைசியில் மகள்.

இந்த வெள்ளி மாலை முதலாளி ஃபெர்மின், கொஞ்ச நாள் சமையலறைப் பக்கம் இருக்கலாமே என்று பட்டும் படாமலும் சொல்லி வைத்தான். நள்ளிரவில் மேஜைகளைச் சுவரோரம் ஒதுக்கி, விளக்கைத் தணித்தான். பாட்டு ஏறியது, கூட்டம் ஆடியது. ஆடுகிறவர்கள் நின்ற இடத்தில் நிற்க மாட்டார்கள். யார் எத்தனையாவது சுற்றில் என்று தேடித் தேடி அவள் கண் அலுத்தது.

லெயாந்த்ரோ மூன்றாவது கிளாஸ் கேட்டார். காஸில்டாவின் ஒரு கையில் இறால், மறு கையில் இறைச்சி உருண்டை. எதை முன்பே கொடுத்தாள்? ஃபெர்மின் பார்த்துக்கொண்டிருந்தான். இரண்டு தட்டையும் கீழே வைத்தாள்.

"லெயாந்த்ரோ, இன்னிக்கு என்னென்ன சாப்பிட்டீங்க? எனக்கு ஞாபகமில்ல."

"போன வாரமே கேட்டிருக்கலாம்ல? ரெண்டு தட்டு கத்தரிக்காய முழுங்கிட்டு ராத்திரி பூரா வயித்தப் பிடிச்சுக்கிட்டுக் கெடந்தேன்."

"சொல்ல வேண்டியதுதானே?"

"சொன்னா ஃபெர்மின் உன்னைச் சமையக்கட்டுக்குள்ள தள்ளிடுவான். இன்னிக்கு நெத்திலி ஆச்சு, உருளைக்கிழங்கு ஆம்லெட் ஆச்சு."

இறாலை அவர் முன் நகர்த்தினாள். பக்கத்தில் நின்ற மூன்று நர்ஸுகளையும் கேட்டாள். ஒருத்தி ஆலிவ் என்றாள்; அது போன வாரம் என்றாள் இன்னொருத்தி; மூன்றாமவள், தனக்கு எதுவுமே வரவில்லை என்று சாதித்தாள். அவர்களுக்குள்ளேயே சண்டை மூண்டது.

ஃபெர்மின் கிட்டே வந்தான். அவன் வாய் திறக்கும் முன் அவள் சொன்னாள்:

"திங்கக்கெழம டாக்டரப் பார்க்கப் போறேன். அவர் என்ன வேணா சொல்லட்டும். கேட்டுக் கேட்டாவது கொடுப்பேன், உள்ள மட்டும் போகமாட்டேன்."

அவன் ஆடுகிற கூட்டத்தின் பக்கம் கையைக் காட்டினான்.

"அப்ப சத்தமா கேளுக்கா. இந்தப் பாட்டுல யார் காதுலயும் விழல."

காஸில்டா அடுத்த ஆளிடம் நகர்ந்தாள். குரலை உயர்த்தினாள்.