ஒரு கோப்பை தேத்தண்ணியும் இலோய்லோவின் சீனியும்

கருத்தரங்கு அறையின் வாசலில் வருகைத் தாள் வைப்பது என் வேலை. வருகிறவர்கள் அதில் பெயரை எழுதிவிட்டு உள்ளே போகலாம். யாரும் போகலாம். 'பொதுமக்களுக்குத் திறந்தது' என்று விதி சொல்லியது. அந்த விதியை எழுதிய குழுவுக்கு அறை ஒதுக்கியவன் நான் என்பதால் அதில் ஓட்டை எதுவும் இல்லை என்பதும் எனக்குத் தெரியும். அன்று காலை சாம்பல் நிறக் கோட்டுப் போட்ட ஒருவர் வந்தார். பெயரை அழகான கையெழுத்தில் எழுதினார். எனக்குக் காலை வணக்கம் சொன்னார். உள்ளே போய்க் கடைசி வரிசைக் கதிரையில் உட்கார்ந்தார். அந்தப் பெயரை நான் இரண்டு தடவை வாசித்தேன்.

எழுபதுகளின் பிற்பாதி அது. மெல்பேர்ணின் தென்கிழக்கில் ஒரு பல்கலைக்கழகத்தின் பொருளாதார வரலாற்றுத் துறையில் நான் நிர்வாக அலுவலர். இலங்கையில் பொருளியல் படித்துச் சிறப்புப் பட்டம் வாங்கியவன், இங்கே மற்றவர்கள் பொருளியல் படிப்பதற்குக் கரும்பலகையில் எழுதும் சோக்கட்டி வாங்கிக் கொடுத்துக்கொண்டிருந்தேன். குறை சொல்லவில்லை. பேராசிரியர்கள் மாறுவார்கள், கொள்கைகள் மாறும். அலுமாரிச் சாவி யாரிடம் இருக்கிறதோ அவன் நிலைத்திருப்பான்.

அன்று பேச இருந்தவர் பிலிப்பைன்ஸில் இலோய்லோ என்ற ஊரிலிருந்து புலமைப்பரிசிலில் வந்த முதுமாணி மாணவி. சொந்த நகரத்தின் வரலாறும் பொருளாதாரமும்தான் அவருடைய ஆய்வு. எங்கள் வீட்டில் அவருக்குச் 'சீனிப் பிள்ளை' என்று பெயர். வைத்தவர் என் மனைவி.

அந்த மாணவி துறைக்கு வந்த முதல் மாதத்திலேயே நான் ஒரு பிழை விட்டேன். தேநீர் நேரத்தில் ஒரு கோப்பையை நீட்டி, ஏதோ யோசனையில், வீட்டில் சொல்வதுபோல "இந்தா" என்றேன். அவர் கோப்பையை வாங்கவில்லை. முகம் சிவந்துவிட்டது.

"அந்தப் பெயரால் என்னைக் கூப்பிடலாம் என்று உங்களுக்கு யார் சொன்னது?"

அவர்களுடைய ஊரில் 'இந்தாய்' என்றால் பெண் பிள்ளையைச் செல்லமாகக் கூப்பிடும் சொல்லாம். அப்பா கூப்பிடுவார், அயலவர் கூப்பிடுவார். ஆனால் தலைநகரம் மணிலாவுக்குப் போனால், தென்தீவுகளிலிருந்து வந்த வேலைக்காரிகளை வீட்டுக்காரர்கள் அதே சொல்லால்தான் ஏவுவார்களாம். மணிலாவில் படித்த காலத்தில் அதைக் கேட்டுக் கேட்டுக் காது புண்ணாகி வந்திருக்கிறார். இங்கே ஒரு கறுத்த மனிதன் தேத்தண்ணிக் கோப்பையோடு அதே சொல்லைச் சொல்கிறான்.

நான் விளங்கப்படுத்த, அவர் சிரிக்க, விஷயம் முடிந்தது. வீட்டில் முடியவில்லை.

"நீங்கள் மரியாதையாய் 'இந்தாங்கோ' எண்டு சொல்லியிருந்தால் இந்தப் பிரச்சினையே வந்திராதெல்லே?" என்றார் மனைவி.

"அந்தப் பிள்ளைக்குத் தமிழ் தெரியாதப்பா. மரியாதை ஆருக்கு விளங்கப்போகுது?"

"உங்களுக்கு விளங்கோணும்."

அதன் பிறகு சீனிப் பிள்ளை ஞாயிற்றுக்கிழமைகளில் எங்கள் வீட்டுக்கு வரத் தொடங்கினார். இப்போது தமிழர் கூடும் கேரம் டவுன்ஸில் அப்போது கோயிலும் இல்லை, எங்கள் பக்கத்தில் கறுவேப்பிலை விற்கும் கடையும் இல்லை. ஞாயிற்றுக்கிழமை மிக நீளமாக இருந்தது. என் மனைவி சமையலறையைக் குசினி என்றபோது அவர் துள்ளி எழுந்தார். அவர்களுக்கும் அது குசினாவாம். மேசை மேசாவாம், காலில் போடும் சப்பாத்து சபாத்தோஸாம். எங்களுக்குப் போர்த்துக்கேயர், அவர்களுக்கு ஸ்பானியர். இரண்டு பகுதியாரையும் ஐரோப்பாவின் அக்கம்பக்கத்து வீட்டுக்காரரே வந்து மிதித்திருக்கிறார்கள்.

குசினி மேசையில் மனைவி இறால் உடைக்க, அவர் தம் அத்தியாயங்களை ஒவ்வொன்றாக வாசித்துப் பழகினார். இலோய்லோ ஒரு காலத்தில் துணி நெய்த ஊர். வீட்டுக்கு வீடு தறி. அன்னாசி இலையிலிருந்து நார் எடுத்து, தும்பியின் இறகைப் போல மெல்லிய துணி நெய்தார்கள். ஆற்றின் வாய்க்கு முன்னால் ஒரு தீவு மறைத்து நிற்பதால் கப்பலுக்கு நல்ல தங்கிடம். ஸ்பானியர் அந்தத் துறைமுகத்தை வெளிநாட்டுக் கப்பல்களுக்குத் திறந்துவிட, ஆங்கிலேய வியாபாரிகள் இயந்திரத்தில் நெய்த மலிவுத் துணியோடு வந்து இறங்கினார்கள். துணியை இறக்கியாயிற்று. திரும்பிப் போகும் கப்பலில் எதை ஏற்றுவது? வெறுங்கப்பல் ஓடினால் நட்டம். கரும்பு நடுங்கள், ஆலை இயந்திரத்தைக் கடனாகத் தருகிறோம் என்றார்கள். ஊரின் துணி வியாபாரிகள் தறியைக் கைவிட்டு, நீரிணையைக் கடந்து, பக்கத்து நெக்ரோஸ் தீவில் காடு வெட்டிக் கரும்பு நட்டார்கள். சீனி பாய்மரத் தோணிகளில் இலோய்லோ ஆற்றங்கரைக்கு வந்தது. பண்டகசாலைகளில் அடுக்கப்பட்டு, சுமைகாரர் தோளில் கப்பல் ஏறியது. முதலாளிகள் மாளிகை கட்டினார்கள். பிறகு சுமைகாரர் கூலிக்காகச் சண்டை பிடித்தபோது, நெக்ரோஸிலிருந்தே நேராகக் கப்பலில் ஏற்றலாமே என்று முதலாளிகளுக்குத் திடீரென்று ஞானம் வந்தது. ஆறு அப்படியே இருந்தது, கப்பல்தான் வரவில்லை.

"அப்ப அந்த நெய்த பொம்பிளையள்?" என்று மனைவி ஒருநாள் கேட்டார்.

"அவர்களைப் பற்றி யாரும் எழுதி வைக்கவில்லை, அக்கா" என்றார் அவர். அக்கா என்ற சொல்லை எங்களிடமிருந்து பிடித்துக்கொண்டிருந்தார்.

கடைசி அத்தியாயம்தான் சிக்கல். அது அவருடைய சொந்தக் காலம். உலகச் சந்தையில் சீனி விலை ஏறிக்கொண்டு போனபோது, இன்னும் ஏறும் என்று பெரிய இடத்தில் இருந்தவர்கள் விற்காமல் வைத்திருந்தார்கள். விலை விழுந்தது. பண்டகசாலைகள் நிறைந்து, பாடசாலையிலும் தேவாலயத்திலும்கூட மூட்டைகளை அடுக்கினார்கள். தோட்டக் கூலிகள் வேலையில்லாமல் பசியில் கிடந்தார்கள். யாருடைய மூட்டை எங்கே கிடந்தது என்பதுவரை அந்த அத்தியாயத்தில் இருந்தது. அவருக்கு அதைச் சொன்னவர் துறைமுகத்தில் மூட்டைக் கணக்குப் பார்க்கும் அவருடைய தம்பி.

அங்கே அப்போது இராணுவச் சட்டம். இப்படிப் பேசியவர்கள் தடுப்புக் காவலுக்குப் போனார்கள். சிலர் போன இடமே தெரியவில்லை.

கருத்தரங்குக்கு முந்திய வாரம் அவர் என் அலுவலகத்துக்கு வந்து கதவைச் சாத்தினார். மெல்பேர்ணில் அவருடைய நாட்டுக்காரர் கூடும் விருந்தொன்றில் ஒரு மனிதர், சாம்பல் நிறக் கோட்டுக்காரர், வந்து கதைத்தாராம். மிகவும் பண்பாக.

"என்ன கேட்டார்?"

"தம்பி நலமா, இன்னும் துறைமுகத்தில்தானே வேலை, என்று கேட்டார்."

"அவர் ஆர்?"

"வியாபாரி என்கிறார். என்ன வியாபாரம் என்று எவரும் கேட்பதில்லை."

கடைசி அத்தியாயத்தை விட்டுவிடலாமே என்றேன். அதுதான் ஆய்வின் மையம் என்று மேற்பார்வையாளர் எழுதியே கொடுத்திருந்தார். விட்டால் ஆய்வு தேறாது, புலமைப்பரிசில் நிற்கும், வெறுங்கையோடு ஊருக்குப் போக வேண்டும். அந்த மேற்பார்வையாளரான பேராசிரியரிடம் போனேன். கருத்தரங்கை மூடிய அவையாக நடத்துவதற்கு ஒரு வழி இருந்தது; அவர் ஒரு கையெழுத்துப் போட்டால் போதும்.

"அறிவு திறந்த வெளியில்தான் வளரும், நண்பரே" என்றார் பேராசிரியர். நல்ல மனிதர். காவல் நிலையத்துக்குத் தொலைந்த நாயைத் தேடிப் போனதைத் தவிர வேறு எதற்கும் போயிராதவர்.

ஆகவே அன்று காலை நான் வாசலில் தாளோடு நின்றேன்.

சீனிப் பிள்ளை வாசித்தார். தறி, கப்பல், கரும்பு, சுமைகாரர் எல்லாம் போயின. கடைசி அத்தியாயத்துக்கு வந்தபோது குரல் சற்றுத் தாழ்ந்ததே தவிர ஒரு வரியையும் அவர் விழுங்கவில்லை. நான் பின்பக்கத்தில் தேநீர் மேசையருகே நின்று கோட்டுக்காரரின் பிடரியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அது அசையவே இல்லை.

கேள்வி நேரம். முதலில் கோட்டுக்காரர்தான் கை உயர்த்தினார்.

"அருமையான உரை. ஒரு சிறு சந்தேகம். மூட்டைகள் எங்கெங்கே இருந்தன என்று இவ்வளவு துல்லியமாகச் சொல்கிறீர்கள். இதை உங்களுக்குச் சொன்னவர் யார்?"

"பலரோடு பேசினேன்" என்றார் சீனிப் பிள்ளை.

"பலருக்கு இது தெரியாதே. துறைமுகத்துக்குள் இருப்பவருக்குத்தான் தெரியும்."

பேராசிரியர் தலையை ஆட்டினார். "நியாயமான கேள்வி. ஆதாரத்தைச் சொல்வது நமது மரபுதானே. சொல்லுங்கள்."

தலைமை வகிப்பவர் ஒரு கேள்வியை நிராகரிக்கலாம் என்ற விதி இருக்கிறது. நான் அவரைப் பார்த்தேன். அவர் ஊக்கமூட்டும் புன்னகையோடு மாணவியைப் பார்த்துக்கொண்டிருந்தார். தேநீர் இடைவேளை அறிவிப்பதும் தலைமையின் உரிமை. அலுவலருக்கு அந்த அதிகாரம் இல்லை. எனக்கு எல்லா விதியும் தெரியும். எதுவும் உதவவில்லை.

சீனிப் பிள்ளை மேடையில் தாள்களை முன்னும் பின்னும் புரட்டினார். தொடங்கினார், இருமினார், மறுபடி தொடங்கி இருமினார். 

நான் ஒரு கோப்பையை எடுத்துக்கொண்டு முன்னால் நடந்தேன். நடைமுறைப்படி அது பிழை. திட்டமிட்டுச் செய்தேன் என்று சொல்ல எனக்கும் ஆசைதான். ஆனால் அந்த நேரத்தில் என் தலையில் திட்டம் எதுவும் இருக்கவில்லை. அவருக்குத் தொண்டை வறண்டுவிட்டது என்பது மட்டும் தெரிந்தது. கோப்பையை நீட்டினேன். இங்கிலீசு வரவில்லை.

"இந்தா" என்றேன்.

அவர் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். பிறகு என்னைத் தாண்டி எங்கேயோ பார்த்தார். கோப்பையை வாங்கி ஒரு வாய் குடித்தார்.

"எனக்கு யாரும் சொல்லவில்லை" என்றார். குரல் திரும்பியிருந்தது. "சென்ற வருடம் நான் ஊருக்குப் போனேன். நான் படித்த பாடசாலைக்கும் போனேன். வகுப்பறைகளில் கூரைவரை சீனி மூட்டை. ஒவ்வொரு மூட்டையிலும் முத்திரை இருந்தது. முத்திரையைப் பார்த்தால் யாருடையது என்று வாசிக்கத் தெரிந்த எவருக்கும் தெரியும். அதன் பிறகு மற்ற இடங்களுக்கும் நானே போனேன்."

"உள்ளே யார் விட்டது?"

"என் பாடசாலைக்குப் போக எனக்கு யாருடைய அனுமதி வேண்டும்?"

"அப்படியென்றால் சாட்சி நீங்கள் மட்டும்தான்?"

"ஆம். எழுதுவதானால் என் பெயரை எழுதுங்கள்."

கோட்டுக்காரர் நன்றி சொல்லி உட்கார்ந்தார். பேராசிரியர் கைதட்டினார். கண்ணால் கண்ட ஆதாரம், மிகச் சிறப்பு, என்றார். அந்த அறையில் என்ன நடந்தது என்பது எனக்கும் சீனிப் பிள்ளைக்கும் கோட்டுக்காரருக்கும் மட்டும்தான் தெரிந்தது.

பிறகு நடைபாதையில் சீனிப் பிள்ளையிடம் கேட்டேன். பாடசாலையை அவர் பார்த்தது உண்மைதானாம். மற்ற இடங்கள் எல்லாம் தம்பி சொன்னது.

"தம்பியின் முகம்தான் கண்ணுக்குள் நின்றது, வேறொன்றும் ஓடவில்லை" என்றார். "நீங்கள் அப்படிக் கூப்பிட்டீர்கள். எங்கள் பாடசாலை வாசல்காரர் தினமும் காலையில் என்னை அப்படித்தான் கூப்பிடுவார். பாடசாலை ஞாபகம் வந்தது."

"இனி ஊருக்குப் போக முடியாதே?"

"தம்பி அங்கேதானே இருக்க வேண்டும்" என்றார். "எங்கள் இரண்டு பேரில் ஒருவர்தான் இருக்க முடியும்."

அடுத்த கிழமைகளில் என் மனைவி தொலைபேசி அடித்தாலே பதறினார். கடைசியில் எங்கள் வீட்டிலிருந்தே இலோய்லோவுக்கு ஒரு அழைப்பு எடுத்துக் கொடுத்தேன். சீனிப் பிள்ளை தம் மொழியில் ஒரே ஒரு கேள்வி கேட்டார். மறுபக்கத்தில் ஒரு இளம் குரல் எதையோ சொல்லிச் சிரித்தது எங்களுக்கும் கேட்டது. தம்பி வேலைக்குப் போய்க்கொண்டுதான் இருந்தார். தமக்கையைப் பற்றி விசாரித்தார்களாம். தமக்கை எப்போது வருவார் என்று கேட்டார்களாம்.

அவர் வரப்போவதில்லை. கடவுச்சீட்டைப் புதுப்பிக்கத் தம் நாட்டுத் தூதரகத்துக்குப் போனபோது காத்திருக்கச் சொன்னார்கள், இன்னும் காத்திருக்கச் சொன்னார்கள். இங்கே தங்குவதற்கான வேலைகளை நான் பார்த்தேன். குடிவரவு அலுவலகத்தில் எந்தக் கருமபீடத்தில் யார் சாப்பாட்டுக்கு முன் நல்ல குணத்தில் இருப்பார் என்பதுவரை எனக்குத் தெரியும். அனுமதி கிடைத்த நாளில் அவர் எங்கள் வீட்டுக்கு வந்து குசினிக் கதிரையில் உட்கார்ந்தார். சந்தோஷப்பட வேண்டிய நாள். அவர் மேசையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

நான் தேத்தண்ணி போட்டு, இந்தத் தடவை கவனமாக, மனைவி சொல்லித் தந்தபடி நீட்டினேன்.

"இந்தாங்கோ."

அவர் வாங்கவில்லை.

"இது இல்லை" என்றார். "மற்றதைச் சொல்லுங்கள். இங்கே என்னை அப்படிக் கூப்பிட வேறு யாரும் இல்லை."

என் மனைவி என் கையிலிருந்து கோப்பையை வாங்கினார். முன்றானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, அதை அவரிடம் நீட்டினார்.

"இந்தா, பிள்ளை" என்றார்.