பயத்தோடு ஏறிய படகு

என் மகளின் மூச்சை எனக்குத் திருப்பித் தந்த ஆண்டவர் இயேசுவுக்கு நன்றி சொல்லி இதை ஆரம்பிக்கிறேன். சபையில் மைக் முன்னால் நின்று சொல்லலாம் என்று எழுந்துபோனேன். அழுகைதான் வந்தது, பேச்சு வரவில்லை. "எஸ்தர், நீ எழுதியே கொடுத்துடும்மா" என்று பாஸ்டரம்மா சொன்னார்கள். அதனால் எழுதுகிறேன். பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

போன கிறிஸ்துமஸுக்கு முன்பு ஒரு வெள்ளிக்கிழமை எங்கள் பகுதியில் ஒரு தொழிற்சாலையிலிருந்து விஷவாயு கசிந்தது. அன்றைக்கு என் ஒரே மகள் ரூத் என் கையிலேயே செத்துப்போவாள் என்று நினைத்தேன். அதைச் சொல்வதற்கு முன்னால் என்னுடைய பயத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

எனக்குச் சொந்த ஊர் குளச்சல் பக்கம். சுனாமி வந்த அன்று காலையில் என் தம்பி கரையில் விளையாடிக்கொண்டிருந்தான். அவனுடைய உடல்கூட எங்களுக்குக் கிடைக்கவில்லை. அன்றிலிருந்து நான் கடலைப் பார்க்க மாட்டேன். அலைச் சத்தம் கேட்டாலே காதைப் பொத்திக்கொள்வேன். அப்படிப்பட்டவளைக் கட்டிக்கொடுத்தது எண்ணூரில். வீட்டுக்கும் கடலுக்கும் நடுவில் ஒரு தெருதான் இருக்கிறது என்று தெரிந்தபோது, புதுப்பெண் என்ற வெட்கம்கூட இல்லாமல் உட்கார்ந்து அழுதேன். என் கணவருக்குக் காத்திவாக்கத்தில் மளிகைக்கடை. குப்பத்து மீனவர்கள்தான் எங்கள் வாடிக்கைக்காரர்கள். இருந்தும் மீன் வாங்கக்கூட நான் கரைக்குப் போனதில்லை. பக்கத்து வீட்டுச் செல்வி கூடையோடு வாசலுக்கு வந்தால்தான் எங்கள் வீட்டில் மீன்குழம்பு. "இன்னாக்கா, கடல் உன்ன கடிச்சா துன்னுடும்?" என்று கிண்டல் செய்வாள். அவளுக்குச் சொல்லிப் புரியவைக்க எனக்குத் தெரியவில்லை.

ரூத்துக்கு வீசிங் உண்டு. எங்கள் பகுதியில் வீசிங் இல்லாத பிள்ளைகளைத்தான் தேட வேண்டும். வாயில் வைத்து இழுக்கிற மருந்து பஃப் எப்போதும் என் பையில் இருக்கும்.

அந்த வெள்ளிக்கிழமை சபையில் உபவாச ஜெபம். என் கணவர் சரக்கெடுக்க மண்ணடிக்குப் போயிருந்தார். ரூத்துக்கு அரையாண்டுப் பரீட்சை நேரம், மதியமே பள்ளிக்கூடம் விட்டுவிட்டது. நேராக சபைக்கு வந்து கடைசிப் பாயில் உட்கார்ந்து படித்துக்கொண்டிருந்தாள். எங்கள் சபை மாடியில் இருக்கிறது. சத்தம் தொந்தரவாக இருக்கிறது என்று அக்கம்பக்கத்தில் சொன்னதால், ஜெபம் ஆரம்பித்ததும் ஜன்னல்களையெல்லாம் மூடிவிடுவோம்.

முதலில் ஒரு நெடி வந்தது. யாரும் கண்டுகொள்ளவில்லை. எங்கள் ஊரில் தினம் ஒரு நாற்றம் வரும், போகும். பிறகு ஒரு சகோதரிக்கு இருமல் வந்தது. அப்புறம் இன்னொருவருக்கு. ராஜம் அக்கா எழுந்து கையை உயர்த்தி, "சத்துரு ஜெபத்தைத் தடுக்கப் பாக்குறான், விட்டுக்கொடுக்காதீங்க! சத்தமாத் துதிங்க!" என்றார்கள். நாங்களும் துதித்தோம். வெளியே இருக்கிறவர்களுக்கு இது சிரிப்பாக இருக்கலாம். ஜெபத்தில் இருமல் வந்தால் இருமலைக் கடிந்துகொள்வதுதான் எங்கள் பழக்கம். சத்தமாகப் பாட வேண்டுமென்றால் மூச்சை ஆழமாக இழுக்க வேண்டும். இழுத்தோம். இழுத்ததெல்லாம் விஷம்.

கண் எரிய ஆரம்பித்த பிறகுதான் பாஸ்டரம்மா ஓடிப்போய் ஜன்னலைத் திறந்து பார்த்தார்கள். தெருவே ஓடிக்கொண்டிருந்தது. பெண்கள் முந்தானையை மூக்கில் பொத்திக்கொண்டு பிள்ளைகளை இழுத்துக்கொண்டு ஓடினார்கள். "கேஸு! இறங்குங்க எல்லாரும்!" என்று பாஸ்டரம்மா கத்தினார்கள். நான் திரும்பிப் பார்த்தேன். ரூத் புத்தகத்தின் மேல் கவிழ்ந்து கிடந்தாள். அவளுடைய தோள்கள் மட்டும் ஏறி ஏறி இறங்கின.

எப்படிப் படியிறங்கினேன் என்று தெரியாது. எல்லாரும் திருவொற்றியூர்ப் பக்கமாக மெயின் ரோட்டில் ஓடினார்கள். நானும் ஓடினேன். ஆட்டோக்களில் கால் வைக்க இடமில்லை. லாரிகள் நகர முடியாமல் ஹாரன் அடித்துக்கொண்டு நின்றன. எவ்வளவு தூரம் ஓடினாலும் அந்த நெடி குறையவே இல்லை, கூடவே வந்தது. ரூத் நின்றுவிட்டாள். "மக்ளே, இந்தா, இழு" என்று பஃபை வாயில் வைத்து அழுத்தினேன். அவளால் இழுக்க முடியவில்லை. மருந்து வெளியே புகையாகப் போனது. உதடு கறுக்க ஆரம்பித்தது. கணவருக்குப் போன் போட்டேன், கிடைக்கவில்லை. அவளைத் தூக்கி இடுப்பில் வைத்தேன். பதினோரு வயதுப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு எவ்வளவு தூரம் ஓட முடியும்? ரோட்டின் நடுவில் உட்கார்ந்துவிட்டேன்.

யாரோ என் தலைமுடியைப் பிடித்து இழுத்தார்கள். செல்விதான். தூரத்திலிருந்தே கூப்பிட்டிருக்கிறாள், எனக்குக் காது கேட்கவில்லை. "ரோட்டுல போவாதக்கா! வடக்கேர்ந்து வாடக்காத்து அடிக்குது. கேஸும் இப்படித்தான் வந்துகினு கீது. கடலுக்கு வா!"

கடலுக்கு. அந்த ஒரு வார்த்தையில் ரூத்தை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். அவள் என்னைக் கேட்டுக்கொண்டு நிற்கவில்லை. ரூத்தை என்னிடமிருந்து பிடுங்கித் தோளில் போட்டுக்கொண்டு சந்துக்குள் ஓடினாள். பிள்ளை போகிற பக்கம்தானே தாய் ஓடுவாள். நானும் ஓடினேன்.

கரையில் செல்வியின் புருஷன் கன்னியப்பன் அம்மன் பெயர் எழுதிய தன் ஃபைபர் படகைத் தண்ணீரில் தள்ளிக்கொண்டிருந்தார். அந்தக் குப்பத்தில் பெண்கள் தொழில் படகில் கால் வைக்கக் கூடாது. மீன் விற்கலாம், வலை சுமக்கலாம், படகில் மட்டும் ஏறக் கூடாது. ஊர்ப் பெரியவர் ஒருவர் துண்டை மூக்கில் பொத்திக்கொண்டு, "பொம்பளைங்கள ஏத்தாதடா, ஊர்க்கட்டு கீது" என்று குறுக்கே நின்றார். கன்னியப்பன் தயங்கினார். செல்வி போட்ட சத்தம் இன்னும் என் காதில் இருக்கிறது.

"கட்டு இன்னாய்யா கட்டு? புள்ள செத்துப்பூட்டா உன் கட்ட வச்சிகினு இன்னா பண்றது?"

பெரியவர் ரூத்தின் முகத்தைப் பார்த்தார். விலகினார். பிறகு அவரே படகின் ஒரு பக்கத்தைப் பிடித்துத் தள்ளினார்.

செல்வி பிள்ளையைப் படகில் கிடத்திவிட்டுத் தானும் ஏறிக்கொண்டாள். நான் ஏறவில்லை. மணலில் நின்றேன். அலை வந்து காலை நனைத்தது, நான் பின்னால் நகர்ந்தேன். பிள்ளை படகில் கிடக்கிறாள், பெற்றவள் பின்னால் நகர்கிறேன். பயம் அப்படித்தான் பண்ணும். நான் ஜெபித்தேன். "ஆண்டவரே, காத்தைத் திருப்பும். ஒரு வார்த்தை சொன்னாப் போதும், காத்து நின்னுடும். நான் கடலுக்குள்ள போகாமலே இவளைக் காப்பாத்தும்." கண்ணை மூடிக் கேட்டேன். காற்று திரும்பவில்லை. நெடிதான் கூடியது.

"ஏறும்மா! இந்த அலைய வுட்டா தாண்ட முடியாது!" என்று கன்னியப்பன் கத்தினார். ரூத் தலையைத் தூக்கி என்னைப் பார்த்தாள். கூப்பிட அவளிடம் மூச்சு இல்லை. கையை மட்டும் நீட்டினாள்.

"இயேசப்பா, என்னால முடியாது. நீர் கூட வாரும்" என்றேன். காலைத் தூக்கி வைத்தேன். பயம் போகவில்லை, பயத்தோடுதான் ஏறினேன்.

அலையைத் தாண்டும்போது படகு எழும்பித் தண்ணீரில் அடித்தது. நான் வலைமேல் குப்புற விழுந்து ரூத்தைக் கட்டிக்கொண்டேன். அலையைத் தாண்டியதும் நெடி போய்விட்டது. சுத்தமான உப்புக்காற்று. செல்வி வாயைத் திறந்து விழுங்குவதுபோல மூச்சு இழுத்தாள். ஆனால் ரூத்தால் முடியவில்லை. நெஞ்சிலிருந்து வந்துகொண்டிருந்த விசில் சத்தம் குறைந்துகொண்டே வந்தது. பிறகு நின்றுவிட்டது. வீசிங் பிள்ளை வைத்திருக்கிற தாய்மார்களுக்குத் தெரியும், அந்தச் சத்தத்தைவிட அது நிற்பதுதான் பயங்கரம்.

ஞாயிறு பள்ளியில் வசனம் ஒப்பித்துப் பரிசு வாங்கினவள் நான். அந்த நேரத்தில் ஒரு வசனம்கூட நினைவுக்கு வரவில்லை. கோபம்தான் வந்தது. வானத்தைப் பார்த்துக் கத்தினேன். "என் தம்பிய இந்தக் கடல்ல எடுத்துக்கிட்டீரு. கேட்டேனா? ஒரு வார்த்தை கேட்டேனா உம்மகிட்ட? இப்ப இவளையும் இதே கடல்லயா?" பக்தியான ஜெபம் இல்லை அது. சண்டை. இத்தனை வருஷமாக நெஞ்சுக்குள் வைத்துப் பூட்டியிருந்தது எல்லாம் வெளியே வந்தது. கத்திக் கத்திக் குரல் கம்மிவிட்டது. அதற்குப் பிறகு அவருடைய பெயரை மட்டும் உதட்டால் சொல்லிக்கொண்டிருந்தேன். சுற்றிலும் தண்ணீர். நான் வாழ்க்கையெல்லாம் பயந்த அதே தண்ணீர். அதன் நடுவில் நான் தனியாக இல்லை என்று எனக்குத் தெரிந்தது. தரிசனம் ஒன்றும் பார்க்கவில்லை, சத்தம் ஒன்றும் கேட்கவில்லை. அம்மா பக்கத்தில் படுத்திருக்கிறாள் என்பது தூக்கத்திலும் பிள்ளைக்குத் தெரியுமே, அப்படித் தெரிந்தது. நடுக்கம் குறைந்தது. கை நிதானமானது.

நிதானமான அந்தக் கையால்தான் ரூத்தை நிமிர்த்தி என் மார்பில் சாய்த்தேன். பஃபை வாயில் வைத்தேன். "மக்ளே, அம்மா இருக்கேன். கொஞ்சமா இழு. கொஞ்சம் போதும்." இழுத்தாள். ஒரு நூலளவு போயிருக்கும். மறுபடியும் வைத்தேன். மறுபடியும் இழுத்தாள். விசில் சத்தம் திரும்ப வந்தது. அந்தச் சத்தத்தைக் கேட்டு "ஸ்தோத்திரம், ஸ்தோத்திரம்" என்று அழுதேன். செல்வியும் என்னைக் கட்டிக்கொண்டு அழுதாள்.

கன்னியப்பன் கடலோரமாகவே ஓட்டிக் காசிமேட்டு மீன்பிடித் துறைமுகத்தில் கரை சேர்த்தார். ஐஸ் இறக்கிக்கொண்டிருந்த மினி லாரிக்காரர், கேள்வி கேட்காமல் எங்களை ஏற்றி ஆஸ்பத்திரியில் கொண்டுபோய் விட்டார். ஆக்சிஜன் வைத்தார்கள், நெபுலைசர் வைத்தார்கள், ஊசி போட்டார்கள். டாக்டரம்மா கேட்டார்கள், "எண்ணூர்லேர்ந்தா வர்றீங்க? அங்க ரோடே அடைச்சிக்கிச்சாமே, ஆம்புலன்ஸே உள்ள போகமுடியல. எப்படி வந்தீங்க?" செல்விதான் சொன்னாள், "கடல்ல வந்தோம்மா."

என் கணவர் வந்து சேர்ந்தபோது ரூத் கண் திறந்திருந்தாள். அதற்குப் பிறகும் சில நாட்கள் ஐசியுவில் வைத்திருந்தார்கள். கிறிஸ்துமஸ் ஆராதனைக்கு மெலிந்துபோய், ஆனால் சொந்தக் காலில் நடந்து வந்தாள்.

என் பிள்ளை விசேஷம், அதனால் காப்பாற்றினார் என்று நான் சொல்ல மாட்டேன். எங்களோடு பாடிக்கொண்டிருந்த ராஜம் அக்காவுக்கு நுரையீரல் கெட்டுப்போய் இன்றுவரை வீட்டில் ஆக்சிஜன் மிஷின் ஓடுகிறது. அவர்களுக்கு ஏன் அப்படி என்று எனக்குத் தெரியாது. தெரிந்ததுபோலப் பேசவும் மாட்டேன். அவர்களைப் பார்க்கப் போனால் என் கையைப் பிடித்துக்கொண்டு, "புள்ள நல்லாருக்காளா?" என்றுதான் முதலில் கேட்பார்கள்.

கன்னியப்பனை ஊரில் கூப்பிட்டு விசாரித்தார்கள். அன்றைக்குப் படகைத் தள்ளிவிட்ட பெரியவரே அவருக்காகப் பேசினாராம். தீட்டுக் கழியப் படகுக்கு மஞ்சள் தண்ணீர் தெளித்துவிட்டு மறுபடியும் தொழிலுக்குப் போனார். என்னிடமும் ஒரு விசுவாசி கேட்டார், "அம்மன் பேர் எழுதின படகுலயா ஏறினீங்க?" எனக்கு வந்ததே கோபம். "பேரு அவங்க எழுதினது. படகு என் ஆண்டவர் அனுப்பினது" என்றேன்.

இப்போது நானும் ரூத்தும் கரைக்குப் போகிறோம். செல்வியோடு நின்று வலையிலிருந்து மீனை எடுத்துவிடக் கற்றுக்கொண்டிருக்கிறேன். அலை வந்து காலைத் தொடும்போது இன்னமும் உடம்பு நடுங்கும். நடுக்கத்தோடேயே நிற்பேன். முதல் தடவை அப்படி நின்றபோது என் தம்பியின் பெயரை வாய்விட்டுச் சொன்னேன். அவன் போன நாளிலிருந்து நான் சொல்லாத பெயர் அது. எங்கள் சபைப் பெண்களும் குப்பத்துப் பெண்களும் சேர்ந்து அதிகாரியைப் பார்த்து, கசிவு வந்தால் எச்சரிக்க ஊதுகிற சைரன் சங்கு வேண்டும் என்று கேட்டுக்கொண்டிருக்கிறோம். இன்னும் வரவில்லை. தொழிற்சாலைகளும் அங்கேதான் இருக்கின்றன. நாளைக்கே மறுபடியும் கசியலாம்.

இதை வாசிக்கிற சகோதர சகோதரிகளே, உங்களுக்கும் ஒரு பயம் இருக்கும். வியாதியோ, பிள்ளையின் எதிர்காலமோ, யாரிடமும் சொல்ல முடியாத ஒன்றோ. இந்தப் பயம் போகட்டும், விசுவாசம் வரட்டும், அப்புறம் அவரிடம் போகலாம் என்று காத்திருக்காதீர்கள். காற்றைத் திருப்பும் என்று நான் கேட்டேன், அவர் திருப்பவில்லை. கூட வாரும் என்று கேட்டேன், வந்தார். உங்களுக்குச் சண்டை போடத்தான் வரும் என்றால் சண்டையே போடுங்கள். பயந்துகொண்டே கூப்பிடுங்கள்.