ஏலத்தில் தோற்ற என் கணவர்

ஓசூரில் எங்கள் சபையில் அறுப்பின் பண்டிகைக்குக் காணிக்கையாக வரும் காய்கனிகளை ஏலம் விடுவார்கள். முதல் பொருளை எடுப்பவரின் பெயரை மைக்கில் சொல்லிக் கைதட்டுவார்கள். வருஷா வருஷம் அது என் கணவர் பெயர்தான். கம்பெனியில் சூப்பர்வைசர், விட்டுக்கொடுக்கத் தெரியாத மனுஷன்.

இந்த வருஷம் முதலில் வந்தது தளியில் விளைந்த ஒரு பூசணிக்காய். இவர் கேட்டதும் பின்வரிசையில் ஒரு குரல் கூட்டிக் கேட்டது. திரும்பிப் பார்த்தோம். இவருக்குக் கீழே வேலை பார்க்கும் கான்ட்ராக்ட் தொழிலாளி செல்வம். வியர்த்துப் போயிருந்தார். பக்கத்தில் அவர் மனைவி கண்ணை இறுக மூடி ஜெபித்துக்கொண்டிருந்தாள்.

இவர் பாதி தூக்கிய கையை இறக்கிவிட்டார்.

"என்ன சார், கம்பெனில போனஸ் போடலீங்களா?" என்று ஏலம் விட்டவர் மைக்கிலேயே கேட்டார். சபையே சிரித்தது. எனக்கு முகம் சுட்டது.

"ஆமாங்க, இந்த வாட்டி நம்மால முடியல" என்று இவரும் சிரித்தார்.

பணம் என் கைப்பையில்தான் இருந்தது. அதைத் திறக்கப் போன என் கையை மெல்ல அழுத்தினார். செல்வத்தின் பெயரைச் சொன்னபோது முதலில் கைதட்டியவரும் இவர்தான்.

ஆண்டவர் மன்னிக்கட்டும், அன்றைக்கு எனக்கு வந்த பெருமை கொஞ்சநஞ்சமல்ல. வெறுங்கையோடு வீடு திரும்பினோம். வண்டியில் அவருக்குப் பின்னால் நான் ராணி மாதிரி உட்கார்ந்து வந்தேன்.