தளபதிகள் ஏறிய மாடி

காலையில் சவரம் முடிந்ததும் வெங்கடநாராயணன் ஈரத்துணியோடு வாசலுக்கு வந்து கல்வெட்டைத் துடைப்பார். வங்காளத்தில் தமிழர்கள் நிறைய இருக்கும் லேக் மார்க்கெட்டுக்குப் பின்சந்தில், அவர் வாடகைக்கு இருக்கும் பழைய மூன்றுமாடி வீட்டின் வாசல்தூணில் பதித்த கல் அது. இரண்டாம் உலகப் போரின்போது நேசநாட்டுத் தளபதிகள் இருவர் இந்த வீட்டில் சந்தித்து ஆலோசித்தார்கள் என்பதற்கு மேல் அதில் ஒரு சொல் கிடையாது. மிச்சத்தை அவர் சொல்லுவார்.

வங்கியில் அதிகாரியாக இருந்தவரை ஆதாரம் இல்லாமல் ஒரு கையெழுத்துப் போட்டதில்லை. ஓய்வு பெற்றதும் அந்த விரதம் முறிந்துவிட்டது. கல்லைப் படம் பிடிக்க யார் வந்தாலும் இஸ்திரி போட்ட சட்டையை மாட்டிக்கொண்டு இறங்கிவிடுவார். "மூணாவது மாடி, எங்காத்து ஹால்லதான் மேப்பை விரிச்சா. ஒருத்தருக்குச் சுருட்டு, இன்னொருத்தருக்கு வெறும் வெந்நீர்." போன பூஜைக்குச் சென்னையிலிருந்து வந்த குடும்பத்திடம், வெந்நீர்க்காரருக்கு வாயுத்தொல்லை என்பதையும் சேர்த்துக்கொண்டார். மேப் விரித்த இடத்தில் இப்போது கிரைண்டர் இருக்கிறது.

அவர் மனைவி காமுவுக்குத் தளபதிகள் என்றாலே பற்றிக்கொண்டு வரும். முட்டி இரண்டும் தேய்ந்துபோய், கோயிலுக்கு என்றுகூடக் கீழே இறங்கி மாதக்கணக்காகிறது. "வந்தா, காப்பி குடிச்சா, போயிட்டா. அதுக்கு ஒரு கல்லு. கல்யாணமான நாள்லேர்ந்து நான் ஏறி எறங்கறேன், எனக்கு எவன் கல்லு நட்டான்?"

வீட்டுக்காரர் இடித்துவிட்டு லிஃப்ட் வைத்துக் கட்டுவதாகவும், குடியிருப்பவர்களுக்கும் ஃபிளாட் உண்டு என்றும் சொன்னபோது காமு வாசலில் கோலமே போட்டிருப்பார், இறங்க முடிந்திருந்தால். ஆனால் பழங்கட்டடங்களைக் காக்கும் அலுவலகம் குறுக்கே வந்தது. சந்திப்பு கீழே முன்னறையில் நடந்திருந்தால் அதை மட்டும் விட்டுவைத்தால் போதும். மாடியில் என்றால் ஒரு செங்கல்லை அசைக்கக் கூடாது. எந்த அறை என்று எங்கும் பதிவில்லை. கேட்டதற்குத் தெருவே வெங்கடநாராயணனைக் கைகாட்டியது.

விசாரிக்க வந்த வங்காளி அதிகாரி நல்ல பருமன். மூன்றாவது மாடி வந்து சேர்ந்து நாற்காலியில் விழுந்ததும், தண்ணீர் என்று சைகைதான் செய்ய முடிந்தது. காமு தம்ளரை நீட்டிவிட்டு, விருந்தாளிக்குப் புரியாத தைரியத்தில் கணவரிடம் தமிழில் ஆரம்பித்தார்.

"ஏன்னா, இவர் மூச்சு வாங்கறதைப் பார்த்தேளோ? கீழே மெத்து மெத்துன்னு சோபா போட்டிருந்திருப்பான். அதை விட்டுட்டு இங்கே ஏறி வரணும்னு தளபதிகளுக்கு என்ன தலையெழுத்து?"

"சும்மா இரு. ஹிஸ்டரியைப் பத்தி உனக்கு என்ன தெரியும்?"

"முட்டியைப் பத்தித் தெரியும்."

அதிகாரி ஒருவழியாகப் பேனாவைத் திறந்து, எந்த அறை என்று கேட்டார். வெங்கடநாராயணன் கிரைண்டரைப் பார்த்தார். சுருட்டு, வெந்நீர், வாயு எல்லாம் தொண்டை வரைக்கும் வந்து நின்றன. காலித் தம்ளரை எடுத்துக்கொண்டு காமு அடுக்களைக்குப் போய்க்கொண்டிருந்தார், சுவரைப் பிடித்தபடி, ஒவ்வோர் எட்டுக்கும் நின்று நின்று.

முன்னறைதான், கீழே, என்று வெங்கடநாராயணன் வங்காள மொழியில் சொன்னார். இவ்வளவு படியும் ஏறியது இதற்கா என்பதுபோல் அதிகாரி நிமிர்ந்து பார்த்தார். வெங்கடநாராயணன் அவர் எழுந்து வரும்வரை காத்திருந்து, ஹால் கதவைத் தன் கையாலேயே இழுத்துச் சாத்திவிட்டு, இடத்தைக் காட்ட அவருக்கு முன்னால் படியிறங்கினார்.