கேட்ட பிறகே கத்தி எடுத்த டொக்டர்

என் எழுத்து வரிக்கு மேலேயும் கீழேயும் போகிறது. பொறுத்துக்கொள்ளுங்கள். எழுபது வயதுக்குப் பிறகு எழுதப் பழகிய கை இது. ரெஜினா டொக்டரின் முப்பத்தோராம் நாள் நினைவுக்கு, தெரிந்தவர்கள் ஒரு பக்கம் எழுதித் தரும்படி அவருடைய கணவர் கேட்டிருந்தார். யாரிடமாவது சொல்லி எழுத வைத்திருக்கலாம். ஆனால் நானே எழுத முடிகிற முதல் வருடம் இது. அந்தச் சந்தோஷத்தை விட்டுக்கொடுக்க மனம் வரவில்லை.

அவர் இறந்த செய்தியையும் நானேதான் வாசித்தேன். லுணுகலை டவுனில் பஸ்ஸுக்கு நின்றபோது லைட் கம்பத்தில் மரண அறிவித்தல் ஒட்டியிருந்தது. முன்பென்றால் பக்கத்தில் நிற்பவரிடம் “யாருங்க போனது?” என்று கேட்டிருப்பேன். அன்று எழுத்துக் கூட்டினேன். பெயர் சேர்ந்து வந்ததும் முதலில் சந்தோஷப்பட்டேன், சரியாக வாசித்துவிட்டேன் என்று. பிறகுதான் என்ன வாசித்தேன் என்பது உறைத்தது. பஸ் வந்தது. நான் ஏறவில்லை. கடைப் படியில் உட்கார்ந்துவிட்டேன்.

அவரை நீங்கள் மாடு, ஆடுகளுக்கு மருந்து கொடுத்தவராக அறிவீர்கள். எனக்கு அவர் இரண்டு பூனைகளால் தெரிந்தவர்.

முதல் பூனை கறுப்பி. என் மனைவி மாரியாயி வளர்த்தது. வருடத்துக்கு மூன்று ஈத்து. குட்டிகளை யாரிடம் கொடுப்பது என்று தெரியாமல் தவித்தோம். அப்போது நாங்கள் இருக்கிற தோட்ட லயத்தில், அந்த வரிசை வீடுகளில், ஒருத்தி வழி சொன்னாள். பொம்பளைகளுக்கு கிளினிக்கில் கொடுக்கிற குடும்பத் திட்ட மாத்திரையைக் கருவாட்டுச் சோற்றில் பொடித்து வைத்தால் போதுமாம். வைத்தோம். குட்டி நின்றது. நாங்களும் நாலு பேருக்கு அந்த வழியைச் சொன்னோம்.

இரண்டாம் வருடம் கறுப்பியின் வயிறு உப்பியது. சாப்பாட்டை முகர்ந்துவிட்டுப் போய்ப் படுத்துக்கொள்ளும். பின்பக்கம் சீழ் வடிந்தது. தேயிலைக் கொழுந்துச் சாக்கில் வைத்து மாட்டாஸ்பத்திரிக்குத் தூக்கிப் போனேன்.

“என்ன குடுத்தீங்க இதுக்கு?” என்று டொக்டர் கேட்டார். சொன்னேன். கர்ப்பப்பை முழுவதும் சீழ் கட்டிவிட்டது, அந்த மாத்திரை இப்படிச் செய்யும், முலைக் கட்டியும் வரவைக்கும் என்றார். உடனே ஒப்பரேஷன் செய்தார். கறுப்பி பிழைக்கவில்லை. வெளியே வந்தவர் திட்டுவார் என்று நின்றேன். “தெரியாமச் செஞ்சிட்டீங்க. யாருக்கெல்லாம் இந்த மாத்திரைய சொன்னீங்களோ, அவங்ககிட்ட போய் வேணாம்னு சொல்லுங்க” என்றார். ஒவ்வொரு வீடாகப் போய்ச் சொன்னேன். அந்த வேலை மலை ஏறுவதைவிடக் களைப்பாக இருந்தது.

அடுத்தது வெள்ளச்சி. ஆடுகளுக்கு ஊசி போட லயத்துக்கு வந்த டொக்டர் அதைக் கண்டு வாயைத் திறந்து பல்லைப் பார்த்தார். நாலு மாதம் என்றார். “அஞ்சு முடியட்டும், கொண்டாங்க. முதல்முதல் கடுவனத் தேடிக் கத்துறதுக்கு முந்தி செஞ்சிடுவோம்.”

“ஒரு ஈத்து போட்டாத்தானேம்மா ஒடம்புக்கு நல்லது?”

“அத எந்தப் பூனை ஒங்ககிட்ட வந்து சொல்லிச்சு?”

லயமே சிரித்தது. அப்புறம் நிதானமாகச் சொன்னார். ஈத்துப் போட்டால் உடம்புக்கு நல்லது என்று ஒன்றும் கிடையாது. முதல் கத்தலுக்கு முன் செய்தால் முலைக் கட்டி வருவது மிகவும் குறையும். கர்ப்பப்பையை எடுத்துவிட்டால் அதில் சீழ் பிடிக்க வழியில்லை. பிறகு பூனைக்கு உடம்பு கொஞ்சம் பெருக்கும், சோற்றைக் குறைத்து வைத்தால் போதும்.

மாரியாயி மட்டும் சிரிக்கவில்லை. “என்னைய வெட்டுனது காணாதா? இதையும் வெட்டணுமா?” என்று கேட்டுவிட்டு உள்ளே போனாள்.

அந்தக் கதையை நான்தான் டொக்டரிடம் சொன்னேன். எங்கள் இரண்டாவது பிள்ளை பிறந்தபோது ஆஸ்பத்திரியில் ஒரு தாளை நீட்டி ரேகை வைக்கச் சொன்னார்கள். வைத்தேன். அது கருத்தடை ஒப்பரேஷனுக்கான தாள், இனிப் பிள்ளை பிறக்காது என்ற விஷயம் வீட்டுக்கு வந்த பிறகுதான் எங்களுக்குத் தெரியும். அந்தப் பிள்ளை மூன்று வயதில் காய்ச்சலில் போய்விட்டது. மூத்தவள் ஒருத்திதான் மிஞ்சினாள்.

டொக்டர் வாசலில் நின்று உள்ளே பார்த்துப் பேசினார். “அக்கா, ஒங்கள கேக்காம செஞ்சது தப்பு. பூனைகிட்ட கேக்க வழியில்ல. அதுனால ஒங்ககிட்ட கேக்குறேன். நீங்க வேணாம்னா வேணாம்தான்.” அதற்குப் பிறகு இரண்டு முறை ஆடு பார்க்க வந்தார். பூனைப் பேச்சையே எடுக்கவில்லை.

வெள்ளச்சி கத்தத் தொடங்கியது. தரையில் உருண்டது. கடுவன் பூனைகள் கூரைத் தகரத்தின் மேல் ஓடின. பக்கத்துக் காம்பிரா வீட்டிலிருந்து, “என்ன மாமா, மருமகன் பாக்குறீங்களா? வரிசையா வந்து நிக்கிறானுங்க” என்று கேலி. மாரியாயி பூனையை மடியில் வைத்து இரண்டு நாள் யோசித்தாள். கறுப்பியின் சீழ் நாற்றம் இன்னும் மூக்கில் இருக்கிறது என்றாள். மூன்றாம் நாள் அவளே டொக்டரிடம் போனாள்.

“இப்பவே செய்வீங்களா?”

“கத்துறது ஓயட்டும் அக்கா. இப்ப செஞ்சா ரத்தம் கூடுதலாப் போகும். அதுவரைக்கும் கதவச் சாத்தி உள்ளுக்கே வைங்க.”

அந்த ஒரு கிழமை, ஏழு நாளும், நாங்கள் சரியாகத் தூங்கவில்லை.

ஒப்பரேஷன் நாளில் டொக்டர் ஒரு தாளை எடுத்தார். பழக்கத்தில் நான் கட்டைவிரலை நீட்டினேன். “இருங்க அண்ணே. பூனை அக்காவோடது” என்று சொல்லிவிட்டு, மாரியாயிக்கு ஒவ்வொரு வரியாக வாசித்துக் காட்டினார்.

“மயக்க ஊசியில செத்துப்போகுமா?”

“ரொம்ப அபூர்வம். ஆனா போகவே போகாதுன்னு சொல்ல மாட்டேன்.”

மாரியாயி தாளைத் தன் பக்கம் திருப்பினாள். பிறகு தன் ரேகையை வைத்தாள். வைத்துவிட்டு என் பக்கம் திரும்பினாள். “அன்னைக்கு நீங்களும் என்னான்னு ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்.” நாற்பது வருடத்தில் அந்தத் தாளைப் பற்றி அவள் என்னிடம் பேசியது அதுதான் முதல் தடவை.

திரும்பி வரும் பஸ்ஸில், மயக்கம் தெளியாத பூனை பெட்டிக்குள் இருக்க, மன்னிப்புக் கேட்டேன். “பெட்டிய நேராப் புடிங்க, சாயுது” என்றாள். வெள்ளச்சி பிழைத்தது. ஏழு வயதாகிறது. வயிறு மட்டும் தொங்குகிறது.

நான் எழுத்து வகுப்பில் சேர்ந்தது இதெல்லாம் கழிந்து வெகுகாலத்துக்குப் பிறகு. டொக்டரிடம் வாசித்துக் காட்ட வேண்டும் என்று நினைத்திருந்தேன். முடியவில்லை. அவரிடமிருந்து நான் கற்று வைத்திருப்பது, அவர் வாசலில் நின்று கேட்ட விதம். ஒருவரைப் பற்றிய காரியத்தை அவரிடம் கேட்காமல் செய்யக் கூடாது என்பதை மிகவும் பிந்தித்தான் பழகினேன்.

ஆகையால் இந்தத் தாள்களை உங்களுக்கு அனுப்பும் முன் மாரியாயிக்கு வாசித்துக் காட்டினேன். வாசித்து முடிக்க நெடுநேரம் ஆனது. அவளுடைய விஷயம் இருக்கிற இடத்தை அழிக்கவா என்று கேட்டேன்.

“வேணாம், இருக்கட்டும். ஆனா அந்த ஆஸ்பத்திரியில நடந்தது நீங்க எழுதுன மாதிரி இல்ல. நீங்க வெளிய நின்னீங்க, நான்தானே உள்ளுக்குக் கெடந்தேன். ஒங்க கை வலி ஆறட்டும். அடுத்த கிழமை நான் சொல்றேன், சொல்லச் சொல்ல எழுதுங்க.”

அவள் சொல்லுவதை, சொல்லுகிறபடியே, அடுத்த கிழமை எழுதி அனுப்புகிறேன்.