இறுக்கச் சொன்னது நான்

என் அம்மா வசந்தாமணி நாமக்கல்லில் இருபத்தெட்டு வருடம் லாரிகளுக்குத் தார்ப்பாய் தைத்தார். பட்டறையில் பெண்களுக்குக் கழிப்பறை கிடையாது. காலையில் அரை டம்ளர் காப்பி குடித்துவிட்டுப் போவார். வீடு திரும்பும் வரை தண்ணீர் கிடையாது. அடக்குவதை அவர் ஒரு கஷ்டமாகச் சொன்னதில்லை.

போன மாதம் இறந்துவிட்டார். மாரடைப்பு. அதைப் பற்றி இன்னும் என்னால் எழுத முடியவில்லை. இது அதற்கு ஏழு வருடம் முந்தைய ஒரு வலியைப் பற்றியது.

அப்போது அவருக்கு ஐம்பத்தொரு வயது. அடிவயிறும் வால் எலும்பும் வலித்தன. சிறுநீர் அவசரமாக முட்டும். போய் உட்கார்ந்தால் சொட்டுச் சொட்டாகத்தான் வரும். சில நேரம் நடக்கையில் கசியும். சோதனையில் கிருமி இல்லை. ஸ்கேனில் கர்ப்பப்பையில் ஒரு சிறிய கட்டி தெரிந்தது. கர்ப்பப்பையையே எடுத்துவிடலாம் என்றார் மருத்துவர்.

கூடத் தைக்கும் சென்னியம்மாள் ஏற்கெனவே எடுத்துக்கொண்டவர்.

"பெத்து முடிச்சாச்சு, அதை வெச்சுட்டு என்ன பண்ணப் போற? எடுத்துப் போட்டா நோவு தீந்துது."

"உனக்குத் தீந்துதா?"

"இப்ப வேற எடத்துல நோகுது. அது வேற."

அம்மா என்னிடம் மட்டும் சொன்னார்: "கத்தி வெக்கறதுன்னா எனக்கு ஒதறுது, அம்மிணி."

நான் ஓசூரில் லாரி பிரேக் வால்வு வடிவமைக்கிறேன். கசிந்தால் இறுக்க வேண்டும் என்பது என் படிப்பு. சிறுநீரை அடக்கும் தசையை இறுக்கும் பயிற்சியை இணையத்தில் பார்த்து, தினம் மூன்று வேளைக்கு அம்மாவின் போனில் அலாரம் வைத்தேன். தையல் மிஷினில் உட்கார்ந்தபடியே செய்தார். ஒரு வேளைகூடத் தவறவில்லை. ஐந்தாவது வாரம் உட்காரவே முடியாமல் போனது.

அறுவைக்குத் தேதி குறித்தார்கள். இடையில் பன்னிரண்டு நாள். இன்னொருவரிடமும் காட்டிவிடலாம் என்று சேலத்துக்கு அழைத்துப் போனேன். அங்கே ஸ்கேனைப் பார்த்த பெண் மருத்துவர், இந்தக் கட்டி இத்தனை வலி தராது என்று சொல்லி, ஃபேர்லேண்ட்ஸ் பகுதியில் சண்முகப்பிரியா என்ற பிசியோதெரபிஸ்டிடம் அனுப்பினார்.

நான் திரைக்கு வெளியே நின்றேன். சண்முகப்பிரியா அம்மாவிடம் சம்மதம் கேட்டுக்கொண்டு, கையுறை போட்டு உள்ளே சோதித்தார்.

"இறுக்குங்கம்மா. ம். இப்ப விடுங்க."

"உட்டுட்டனுங்க."

"இல்லீங்க. இன்னும் புடிச்சுட்டுத்தான் இருக்கீங்க."

"எனக்கு எப்பவும் இப்படித்தானுங்க இருக்கும்."

பிறகு எங்கள் இருவரையும் உட்காரவைத்து விளக்கினார். இடுப்பெலும்பின் அடியில் தொட்டில் மாதிரி ஒரு தசை இருக்கிறது. வருடக்கணக்கில் அடக்கி அடக்கி அது தளரவே மறந்துவிட்டது. தளராத தசைக்கு மேலும் இறுக இடமில்லை. அதனால்தான் வலி, அதனால்தான் கசிவு.

"இறுக்கற பயிற்சி யாருங்க சொன்னாங்க?"

"ஊட்டுல ஒரு இஞ்சினியர் இருக்குதுங்க" என்றார் அம்மா.

வயிறு உப்ப மூச்சை இழுத்தால் அந்தத் தசை தானாகக் கீழிறங்கித் தளரும் என்று சண்முகப்பிரியா செய்து காட்டினார். அம்மா இரண்டு முறை செய்து பார்த்தார்.

"இது லாரி பிரேக்காட்டமுங்க. டேங்குல காத்து இல்லாட்டி சக்கரத்தைப் புடிச்சுக்கும். காத்து ஏறுனாத்தான் உடும்."

அந்த வால்வை வரைபவள் நான். எனக்கு அது தோன்றவில்லை.

இறுக்கும் பயிற்சியை அன்றே நிறுத்தினோம். அறுவையைத் தள்ளிவைத்தோம். நாற்காலி மேல் கெண்டைக்காலை வைத்துப் படுத்துப் பத்து நிமிட மூச்சு. கழிப்பறையில் முக்கக் கூடாது. அவசரப்பட்டு எழக் கூடாது. தண்ணீர் குடிக்க வேண்டும், அடக்கக் கூடாது. வாரம் ஒரு முறை சேலம்.

"மூச்சு உடறதுக்கு பஸ் ஏறிப் போறவ நீ ஒருத்திதான்" என்றார் சென்னியம்மாள்.

அடக்காமல் இருப்பதுதான் கடினமாக இருந்தது. அம்மா பட்டறைக்காரர் தீனதயாளனிடம் போய், மூன்று மணி நேரத்துக்கு ஒரு தரம் பெட்ரோல் பங்க் கழிப்பறை வரை போய் வருவேன் என்றார்.

"போயிட்டு வாங்கக்கா. நான் என்னைக்கு வேண்டாம்னேன்?"

அத்தனை வருடத்தில் யாரும் கேட்டதில்லை.

ஆறாவது வாரம் வேலை நெருக்கடியில் இரண்டு நாள் அடக்கினார். வலி திரும்பியது. அழுதார். மறுபடி மூச்சிலிருந்து தொடங்கினார். நான்காம் மாதம் ஒரு முழுநாள் உட்கார்ந்து தைத்துவிட்டு வந்து, வலியைப் பற்றிப் பேசவே இல்லை. நானாகக் கேட்ட பிறகுதான் யோசித்துப் பார்த்தார். "இல்லியே" என்றார்.

அந்த வாரம் ஆஸ்பத்திரியிலிருந்து, வேறு தேதி வேண்டுமா என்று கேட்டுக் கூப்பிட்டார்கள்.

"வேண்டாமுங்க. அது பாட்டுக்கு உள்ள இருக்கட்டும்."

நேற்று அவருடைய மருந்துச் சீட்டுகளைப் பிரித்து அடுக்கினேன். ரத்த அழுத்தத்துக்கு இருந்தன, சர்க்கரைக்கு இருந்தன. அந்த வலிக்கான கடைசிச் சீட்டு ஆறரை வருடம் பழையது.