டிஃபால்ட் வரிக்குக் கீழே

எனக்கு வாய் கொஞ்சம் நீளம். கள்ளக்குறிச்சியில் நான் வேலை பார்க்கும் இன்டர்நெட் கம்பெனியிலும் இதையேதான் சொல்வார்கள். கேபிள் இழுக்கப் போனால் இழுத்துவிட்டு மட்டும் வரமாட்டான், அந்த வீட்டுக்காரருக்கு ஒரு பாடமும் நடத்திவிட்டுத்தான் வருவான் என்பார்கள். நுணலும் தன் வாயால் கெடும் என்பது பழமொழி. என் வாயால் கெடவிருந்தது நான் இல்லை. அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

கல்வராயன் மலையில் வெள்ளிமலையிலிருந்து உள்ளே தள்ளி இருக்கிறது எங்கள் ஊர். டவர் கிடையாது. யாரிடமாவது பேச வேண்டுமென்றால் மேட்டுப் பாறையில் ஏறி நின்று சிக்னலைத் தேட வேண்டும். அதுவும் பேச மட்டும்தான், நெட் வராது. போன வருடம் எங்கள் கம்பெனி சமுதாயக்கூடத்து மாடியில் கம்பம் நட்டு, டிஷ் கட்டி, ஊருக்கே வைஃபை கொடுக்க முன்வந்தது. அந்த வேலையை நானே கேட்டு வாங்கிக்கொண்டேன். சொந்த ஊருக்கு நெட் கொண்டுவந்தவன் என்று நாலு பேர் சொல்ல வேண்டும் என்கிற ஆசை எனக்கு இருந்தது.

யாரை உள்ளே விடலாம், யாரை விடக்கூடாது என்று பார்ப்பதற்கு ஒரு சர்வர் உண்டு. போனில் பெயரும் பாஸ்வேர்டும் போட்டால் அது ஒரு கோப்பைத் திறந்து பார்க்கும். அந்தக் கோப்பை எழுதுவது என் வேலை. வீட்டுக்கு ஒரு பெயர். பெயரை வரியின் தொடக்கத்திலேயே இடம் விடாமல் எழுத வேண்டும், அதே வரியில் பாஸ்வேர்டு. எவ்வளவு வேகம், எத்தனை நேரம் என்பதெல்லாம் அடுத்த வரிகளில் சற்று உள்ளே தள்ளி வரும். தள்ள மறந்தால் வேகத்தையும் ஓர் ஆள் என்று நினைத்துக்கொள்ளும். சர்வர் மேலிருந்து கீழாகப் படித்துக்கொண்டே வந்து, பொருந்துகிற முதல் இடத்தில் நின்றுவிடும். எல்லாப் பெயரும் முடிந்த பிறகு டிஃபால்ட் என்று ஒரு வரி போட்டு அதில் ரிஜெக்ட் என்று எழுதிவைப்பேன். டிஃபால்ட் என்றால் யாராக இருந்தாலும் என்று பொருள். மேலே பெயர் இல்லாத எவரும் அந்த வரியில் முட்டிக்கொண்டு வெளியே போவார்கள். உண்மையில் அந்த வரி தேவையே இல்லை. பெயர் இல்லாதவரை சர்வர் தானாகவே திருப்பி அனுப்பிவிடும். பூட்டின கதவுக்கு ஒரு தாழ்ப்பாள், அவ்வளவுதான். யாரோ எனக்குப் பழக்கியதை நானும் விடாமல் செய்துகொண்டிருந்தேன்.

சமுதாயக்கூடத்தில் லேப்டாப்பை விரித்து உட்கார்ந்ததும் ஊர் கூடிவிட்டது. ஊருக்குத் தலைவரான ஊர்க்கவுண்டர் என் பெரியப்பாதான். தோள் மேல் குனிந்து திரையைப் பார்த்தார்.

"மொதல்ல யாரு பேருடா எழுதிகினு கீற?"

கூடத்துக்குப் பக்கத்து வீட்டிலிருந்து ஆரம்பித்திருந்தேன். உடனே சலசலப்பு. கோயிலில் கிடா வெட்டினால் கறிப் பங்கு ஊர்க்கவுண்டர் வீட்டிலிருந்து புறப்படும். பிறகு பூசாரி வீடு, பிறகு இன்னின்னார் என்று ஒரு வரிசை உண்டு. அந்த வரிசை தப்பி ஒருமுறை திருவிழாவே நின்றிருக்கிறது.

"பேரு எங்க இருந்தாலும் நெட்டு ஒண்ணுதான் பெரியப்பா," என்று சிரித்தேன்.

"ஒண்ணுதான்னா எங்க பேர மேல போடறதுல உனக்கு இன்னா கஷ்டம்?"

எல்லாவற்றையும் அழித்துவிட்டு, கறிப் பங்கு வரிசையிலேயே எழுதினேன். அத்தோடு வாயை மூடியிருக்கலாம். ஆனால் சுற்றி நின்றவர்கள் ஆவலாகப் பார்க்கப் பார்க்க எனக்கு உற்சாகம் ஏறிவிட்டது. சர்வர் மேலிருந்துதான் படிக்கும், நம்ம ஊர் மாதிரியே அதற்கும் வரிசை உண்டு என்றேன். எல்லாரும் ரசித்தார்கள். டிஃபால்ட் வரியைத் தொட்டுக் காட்டி, "இதோட முடிஞ்சிது. இதுக்குக் கீழ இன்னா எழுதினாலும் அது படிக்கவே படிக்காது. எழுதினது சும்மா கெடக்கும்," என்று முடித்தேன்.

பெரியப்பா அந்த வரிமேல் விரலை வைத்துப் பார்த்தார். பிறகு கேட்டார்.

"அந்தக் கடைசி வூட்டுப் பேரும் எழுதணுமா?"

கடைசி வீட்டில் இருப்பது அவருடைய இன்னொரு தம்பியின் மகள். எனக்கு அக்கா முறை. சங்கராபுரம் பக்கம் வேறு சாதியில் கல்யாணம் செய்துகொண்டு போனவள், புருஷன் செத்த பிறகு மகளோடு திரும்பி வந்துவிட்டாள். ஊர் அவளை விரட்டவில்லை. ஆனால் கோயில் பந்தியில் சேர்க்காது, சமுதாயக்கூடத்தின் படி ஏறவும் விடாது. ஒரு வீடுகூட விடுபடக்கூடாது என்பது கம்பெனியின் நிபந்தனை, அதனால் எழுதித்தான் ஆக வேண்டும் என்றேன்.

"எழுது. அந்த வரிக்குக் கீழ எழுது. இல்லன்னு ஒருத்தனும் சொல்ல முடியாது பாரு, எழுதிதான கீது."

யாரும் சிரிக்கவில்லை, யாரும் மறுக்கவும் இல்லை. என் பள்ளிக்கூடத்துச் சேக்காளிகள் இரண்டு பேர் நின்றிருந்தார்கள், அவர்களும் தரையைப் பார்த்தார்கள். முடியாது பெரியப்பா என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் என்ன ஆகியிருக்கும்? என் அப்பா அம்மாவும் அந்த ஊரில்தான் இருக்கிறார்கள், பந்தியில் உட்காருகிறார்கள். ஊரோடு ஒத்துப் போவதற்கு மனிதனுக்குக் காரணமா கிடைக்காது? டிஃபால்ட் வரிக்குக் கீழே அக்காவின் பெயரை எழுதினேன். உள்ளே தள்ள வேண்டியதைத் தள்ளி, கமா வைக்க வேண்டிய இடத்தில் வைத்து, ஒரு பிழை இல்லாமல் எழுதினேன்.

வயர்களைச் சுருட்டிக்கொண்டு கீழே இறங்கி வந்தபோது அக்கா வேப்பமரத்தடியில் நின்றிருந்தாள்.

"எம்பேரும் எழுதினியாமே தம்பி?"

தலையாட்டினேன். அவள் முகம் அப்படி மலர்ந்து நான் பார்த்ததில்லை. மகள் ப்ளஸ் டூ முடித்து நர்சிங்குக்கு விண்ணப்பம் போட்டிருக்கிறாளாம். எந்தக் காலேஜ் வேண்டும் என்று ஆன்லைனில் குறிக்க வேண்டுமாம். விட்டால் இந்த வருடம் போச்சு.

"ஜீப்புக்குக் காத்துகினு வெள்ளிமலைக்கு ஓடணுமேன்னு பயந்துகினு இருந்தேன். ஊர்ல நம்மளையும் ஒரு ஆளா சேத்து எழுதினாங்களே, அதுவே போதும்பா."

அந்த நிமிஷம் பூமி பிளந்து என்னை விழுங்கியிருந்தால் நன்றி சொல்லியிருப்பேன். பாஸ்வேர்டைச் சீட்டில் எழுதிக் கொடுத்துவிட்டு ஜீப் ஏறினேன். அந்தப் பாஸ்வேர்டு எந்தக் கதவையும் திறக்காது என்று தெரிந்தேதான் கொடுத்தேன்.

அதே வாரம் நான் ஆபீசில் இருக்கும்போது அக்கா மேட்டுப் பாறை மேலிருந்து போனில் கூப்பிட்டாள். காற்றில் குரல் விட்டுவிட்டு வந்தது.

"நான்தான் ஏதோ தப்பா அடிக்கறேன் போலகீது தம்பி. பாப்பாவும் அடிச்சிப் பாத்துது. உள்ள வுட மாட்டேங்குது. நாளைக்குக் கடைசி நாளாம்."

அவள் என்மேல் கோபப்பட்டிருந்தால் எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும். தன்மேலேயே பழியைப் போட்டுக்கொண்டாள். உட்கார்ந்த இடத்திலிருந்தே கோப்பைத் திறந்தேன். அவள் பெயரும் அதற்குக் கீழே உள்ளவையும் நாலைந்து வரிகள்தான். வெட்டி, டிஃபால்ட்டுக்கு மேலே ஒட்டினேன். சர்வரை ஒருமுறை நிறுத்தி எழுப்பினேன். "இப்ப போய்ப் பாருங்க அக்கா" என்றேன். இந்தச் சின்ன வேலைக்குத்தான் அவளை இத்தனை நாள் தவிக்கவிட்டிருக்கிறேன்.

அடுத்த மாதம் மழையில் கம்பம் சாய்ந்துவிட்டது என்று மலைக்குப் போனேன். வேலை முடிந்து கூடத்தில் டீ குடித்துக்கொண்டிருக்கையில் பெரியப்பா எல்லார் முன்னாலும் கேட்டார்.

"இன்னாடா, கடைசி வூட்லயும் நெட்டு வருதாமே?"

நான்தான் மாற்றினேன் என்று சொல்ல நல்ல சந்தர்ப்பம். அந்தப் பெண்ணின் படிப்புக்காக மாற்றினேன் என்றால் பெரியப்பாவே கூட முணுமுணுத்துவிட்டு விட்டிருப்பார். என் வாய்க்கு அன்றைக்கு மட்டும் தைரியம் வரவில்லை.

"நான் ஒண்ணும் பண்ணல பெரியப்பா. கம்பெனில அப்டேட் பண்ணாங்க. கீழ இருந்த பேரு தானா மேல ஏறிக்கிச்சி."

"கீழன்னா எங்க, தம்பி?"

குரல் வாசலிலிருந்து வந்தது. அக்கா படிக்குக் கீழே நின்றிருந்தாள். எப்போது வந்தாள் என்று எனக்குத் தெரியாது. அவள் என்னைப் பார்த்தாள், பெரியப்பாவைப் பார்த்தாள், மறுபடி என்னைப் பார்த்தாள். நான் டீ கிளாஸைப் பார்த்தேன்.

"சரி, வுடு," என்றாள். "பாப்பாவுக்கு சீட்டு கெடச்சிடுச்சி. அத்த உங்கிட்ட சொல்லிட்டுப் போலாம்னுதான் வந்தேன்."

வந்த வழியே திரும்பிப் போனாள். பெரியப்பா தொண்டையைச் செருமிக்கொண்டு, சாயங்காலமானா வேகம் ரொம்பக் கம்மியா கீதுடா என்று ஆரம்பித்தார். ஏன் கம்மியாகிறது என்று நானும் அவருக்கு விளக்கிக்கொண்டிருந்தேன்.